இசைத்தொகுப்பிலிருந்து மேடைக்கு: பாப் பாடகர் ஒப்பந்தங்களின் மாற்றம்

இணையவழிப் பகிர்வால் குறுந்தகடு விற்பனை சரிந்தபோது, பாப் பாடகர்களின் முதன்மை வருவாய்க்களம் மேடையாயிற்று. 2007 அக்டோபரில் மடோனா, ஏறத்தாழ 25 ஆண்டுகள் தம் பாடல்களை வெளியிட்ட வார்னர் நிறுவனத்தை விடுத்து, இசைநிகழ்ச்சிகளை நடத்தும் லைவ் நேஷனுடன் 10 ஆண்டு ஒப்பந்தம் செய்தார். மதிப்பு சுமார் 12 கோடி டாலர் எனச் செய்திகள் குறித்தன. இசைத்தொகுப்பு, சுற்றுப்பயணம், பெயர்பொறித்த பொருள்களின் விற்பனை ஆகியவற்றை ஒருங்கே உள்ளடக்கும் இவ்வகையை ‘360 பாகை ஒப்பந்தம்’ என்பர்.

2008இல் யு2 குழு செய்த 12 ஆண்டு ஒப்பந்தத்திலோ இசைத்தொகுப்பு உரிமை இடம்பெறவில்லை. அது யுனிவர்சல் நிறுவனத்திடமே நின்றது. மடோனாவின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பும் இன்டர்ஸ்கோப் என்னும் வெளியீட்டு நிறுவனத்தின் வழியாகவே வந்தது. முன்பு இசைத்தொகுப்பின் விற்பனைக்குச் சுற்றுப்பயணம் துணைநின்றது; இவ்வொப்பந்தங்களில் அவ்வுறவு தலைகீழாயிற்று. பெருந்தொகையை முன்னதாகப் பெறும் கலைஞர், தம் வருவாய்வழிகளை ஒரே நிறுவனத்தின் நலத்தோடு பிணைத்துக்கொள்கிறார் என்பதே இதன் மறுபக்கம்.