பிள்ளை பார்க்கச் செல்லும்போது என்ன கொண்டு செல்லலாம்?

பிள்ளை பார்க்க வெறுங்கையுடன் செல்வது நம் வழக்கமன்று. ஆயினும், அன்போடு வாங்கி வரும் பொருள்களுள் பல பயன்படாமல் அலமாரியில் தங்கிவிடுகின்றன. சில குழந்தைக்கு ஊறும் செய்கின்றன. ஆகவே, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் நாங்கள் சில யோசனைகளைக் கூற விரும்புகிறோம்.

பிறந்த குழந்தைக்குத் தேவையானவை மூன்றே: தாய்ப்பால், கதகதப்பு, தூய்மை. பருத்தித் துணிகள், தொப்பி, காலுறை, முன்புறம் முடிச்சிடும் சட்டை, கொசுவலை, டிஜிட்டல் வெப்பமானி ஆகியவை நல்ல பரிசுகள். சட்டையைச் சற்றுப் பெரிய அளவில் வாங்குங்கள். பிறந்த அளவுச் சட்டை சில வாரங்களிலேயே சிறுத்துவிடும். துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தி வேட்டி, கடைத் துணிக்குச் சற்றும் குறைந்ததன்று. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2015ஆம் ஆண்டு வழங்கத் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களுள் துண்டு, கொசுவலை, நகவெட்டி, கை கழுவும் திரவம் ஆகியவை இடம்பெற்றதை நினைவிற்கொள்ளலாம்.

பால் புட்டியும் பால்மாவும் வேண்டா. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை. இவற்றின் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதும் தாய்ப்பாலைக் காக்கவே. சேனை வைக்கத் தேன் கொண்டு வருவோரும் உண்டு. ஒரு வயது நிறையும் முன் தேன் கொடுத்தால், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் வரக்கூடும். முகப்பவுடர் மூச்சுக்குழாயில் புகும். கண்மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். மெத்தென்ற தலையணை மூச்சை அடைக்கும்.

குழந்தை எடை குறைவாகப் பிறந்து எங்கள் பிரிவில் இருந்தால், உறவினர் பலர் என்ன சொல்வதென்று தயங்கி வராமலே இருந்துவிடுகின்றனர். அந்நாள்களில்தான் தாய்க்குத் துணை மிகவும் வேண்டும். குழந்தையை மார்போடு அணைத்துச் சூடு தருவதற்கு ஏற்ற, முன்புறம் திறக்கும் தளர்வான உடை இரண்டு கொடுங்கள். வேளைக்குச் சூடான உணவு கொண்டு வாருங்கள். வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பிய பின்னும் அவ்வாறே. துணி துவைத்துக் கொடுப்பது, தாய் இரண்டு மணி நேரம் உறங்கும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வது, 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகளுக்கு ஆட்டோவில் உடன் செல்வது ஆகிய எவையும் கடையில் கிடைப்பவையல்ல. இரவெல்லாம் விழித்திருக்கும் தந்தைக்கும் இவை ஆறுதலே.

குழந்தையைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், முத்தமிடாதீர்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் வருகையைத் தள்ளி வையுங்கள். எதை வாங்குவது என்ற ஐயம் எழுந்தால், தாயிடமே கேட்டுவிடுங்கள்: “உனக்கு இப்போது என்ன வேண்டும்?”