முந்திய புள்ளிகளும் பல் மருத்துவக் கல்வியும்

இளமையிற் பெற்ற குறைந்த புள்ளி ஒரு மாணாக்கனின் கல்வி எல்லையை வரையறுத்துவிடும் என்னும் எண்ணம் பலரிடத்தும் உளது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிடையே அமைந்த அக்கரப்பத்தனை போன்ற ஊர்களில் இவ்வெண்ணம் மாணாக்கரைப் பெரிதும் தளர்விக்கின்றது. பல் மருத்துவக் கல்விக்கு மாணாக்கர் தெரிவுசெய்யப்படும் முறையை ஆராயின், அஃது எத்துணைப் பொருத்தமுடையது என்பது புலனாகும்.

முதற்கண் புள்ளி குறைவதற்குரிய காரணத்தை நோக்குதல் வேண்டும். 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனைப் பெற்றில. 1977 முதலே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. தோட்டப்புறங்களில் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருங்கே அமைந்த பாடசாலைகள் இன்றும் அரியன. ஆதலின் குறைந்த புள்ளி மாணாக்கனின் ஆற்றலை மட்டுமன்றி, அவன் கற்ற பாடசாலையின் நிலையையும் காட்டுவதாகும்.

இனித் தெரிவுமுறை. பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ விஞ்ஞான பீடத்திற் சேர விரும்புவோர் உயர்தரப் பரீட்சையில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றிலும் ஒரே தடவையிற் சித்தியெய்துதல் வேண்டும். பெற்ற புள்ளியிலிருந்து இடையைக் கழித்து நியம விலகலால் வகுக்க வருவது அப்பாடத்தின் இசட் புள்ளி. மூன்றன் சராசரியே தெரிவுக்கு அடிப்படை. இம்முறை 2001 இற் புகுத்தப்பட்டது. சாதாரணதரப் பெறுபேறு இக்கணக்கிற் சேர்வதில்லை. உயர்தரத்திற்கு மும்முறை தோற்றலாம். முதன்முறைப் புள்ளி பின்னையதோடு கூட்டப்படுவதுமில்லை. ஐக்கிய அமெரிக்காவிலோ, கல்லூரி முதலாண்டிற் பெற்ற தாழ்ந்த புள்ளியும் விண்ணப்பச் சராசரியிற் சேர்ந்து மாணாக்கனைத் தொடர்கின்றது.

மேலும், இலங்கையிற் பல்கலைக்கழக இடங்களுள் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. நுவரெலியா அம்மாவட்டங்களுள் ஒன்று. ஆயினும் அவ்விடங்கள் தோட்டப் பிள்ளைகளுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டன அல்ல. நகரப் பாடசாலை மாணாக்கரோடு போட்டியிட்டே அவற்றைப் பெறுதல் வேண்டும்.

விதி பழைய குறையைக் கணக்கிற் கொள்ளாவிடினும் பாடம் அதனைக் கணக்கிற் கொள்ளும். பின்னமும் விகிதமும் தெளியாதவன் இரசாயனவியலில் மூல் கணக்கிடும்போது இடருறுவான். பல்கலைக்கழகத்திற் கற்பித்தல் ஆங்கிலமூலம் நடைபெறுதலின் அம்மொழிப் பயிற்சியும் முன்னரே வேண்டப்படும். எனவே இரண்டாமுறை தோற்றுதல் என்பது முன்னர்ப் படித்ததையே மீளப் படித்தலன்று. குறை எங்குத் தோன்றியதோ அங்குச் சென்று அதனை நிரப்புதலாம். கொழுந்து பறிக்கும் தாயின் நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு மேலும் ஓராண்டு படிப்பென்பது சிறு சுமையன்று. அவ்வாண்டு வீணாதல் தகாது.

இம்முயற்சியாற் பயன்பெறுவோர் மாணாக்கர் மட்டுமல்லர். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கோடு புகையிலை சேர்த்து மெல்லுதல் அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. தோட்டத் தொழிலாளரிடையே அவ்வழக்கம் பரந்துளது. வாயினுள் தோன்றும் வெண்டிட்டுக்களையும் செந்திட்டுக்களையும் காலத்தாற் கண்டறியின் உயிர் காக்கலாம். நோயாளியின் மொழியையும் வாழ்க்கையையும் அறிந்த பல் வைத்தியரின் சொல் அங்கு எளிதில் ஏற்கப்படும்.

ஆதலின் ஒன்பதாம் வகுப்புப் புள்ளியை நோக்கி விஞ்ஞானப் பிரிவின் வாயிலை அடைத்தல் ஆசிரியர்க்கு முறையன்று. எவ்வலகிற் குறை நேர்ந்தது என ஆராய்ந்து, காலத்தே அதனை நிரப்புதலே அவர்தம் கடனாகும்.