புதுநன்மைப் படம் மங்கியது ஏன்?

புதிய கைப்பேசியில் எடுத்த புதுநன்மைப் படங்கள் மங்கலாயிருப்பதை இல்லம் திரும்பிய பின்னரே கண்டு, பெற்றோர் பலர் மனம் வாடுவதை நாம் அறிவோம். குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. வில்லையின்மீது படிந்த விரற்பிசுக்கு, விளக்கொளியைச் சிதறடித்துப் படத்தைப் புகைமூட்டம்போல் ஆக்குகிறது. மென்மையான பருத்தித் துணியால் துடைத்தாலே தெளிவு பிறக்கும். வில்லைமீது ஒட்டிவந்த காப்புத் தாளிருந்தால் அதனையும் அகற்றிவிட வேண்டும்.

ஆலயத்தினுள் ஒளி குறைவு. ஆகவே கருவி அதிக நேரம் ஒளியை ஏற்கிறது. அவ்வேளை கை நடுங்கினாலோ, பிள்ளை அசைந்தாலோ உருவம் கலங்கும். தொலைவிலிருந்து விரலால் பெரிதாக்குவதும் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெருக்குவதேயாம். எனவே திருப்பலிக்குப் பின், ஆலய முகப்பின் நிழலில், பகலொளியில், பிள்ளையை அருகே நிறுத்தி எடுப்போம்.

முந்திய மாலையே இவற்றைச் சோதித்துவிட்டால், திருப்பலி வேளையில் கைப்பேசியை நாம் மறந்திருக்கலாம். பிள்ளை முதன்முறை நற்கருணை உட்கொள்ளும் அந்நொடியை நம் கண்களே காணட்டும்.