சாரணர் பாசறை

இங்கிலாந்து நாட்டின் தென்கரையில் பூல் என்னும் துறைமுகம் ஒன்று உண்டு. அத்துறைமுகத்தின் நீர்ப்பரப்பிலே, பைன் மரங்கள் செறிந்து நிற்கும் பிரவுன்சி என்னும் சிறு தீவு அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 500 ஏக்கரே ஆகும். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபது சிறுவர்கள் அத்தீவில் வந்திறங்கினர். அவர்களை அழைத்து வந்தவர், படைத்தலைவராய்ப் பெயர் பெற்ற பேடன் பவல். அவர்கள் அங்குத் தங்கியிருந்த காலம் ஒரு வாரத்திற்குச் சற்றே மிகுதி. எனினும், இன்று உலகெங்கும் பரவியுள்ள சாரண இயக்கத்தின் முதற் பாசறை அதுவேயாம்.

போர்வீரர் ஒருவருக்குச் சிறுவர்களைக் கூட்டிக் கொண்டு தீவிற்குச் செல்லும் எண்ணம் எவ்வாறு தோன்றியது? 1899-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தென்னாப்பிரிக்காவிலுள்ள மாபெக்கிங் என்னும் ஊரைப் போயர் படையினர் முற்றுகையிட்டனர். முற்றுகை 217 நாள் நீடித்தது. ஊரைக் காத்து நின்ற படைக்குப் பேடன் பவல் தலைவராயிருந்தார். அங்கே வீரர் தொகை குறைவு. ஆதலின் ஊர்ச் சிறுவர்களை ஒரு குழுவாகத் திரட்டினர். அவர்கள் செய்தி கொண்டு செல்லுதல், காவலிருத்தல், மருத்துவமனையில் உதவுதல் முதலிய பணிகளை ஏற்றனர். குண்டுகள் விழும் தெருக்களிலே மிதிவண்டியில் சென்று கடிதங்களைச் சேர்ப்பித்தனர். முற்றுகைக் காலத்தில் அவ்வூரில் அச்சிட்ட அஞ்சல் தலை ஒன்று, மிதிவண்டியில் அமர்ந்த சிறுவனின் உருவத்தைத் தாங்கியிருந்தது. அம்முற்றுகையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. ஊரில் வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களுக்கு வெள்ளையர்க்குக் கிடைத்த அளவு உணவு கிடைக்கவில்லை. பசியால் மாண்டோர் பலர். ஆயினும், பொறுப்பை நம்பி ஒப்படைத்தால் சிறுவரும் பெரியோரைப் போல் அதனைத் தாங்குவர் என்னும் உண்மை பேடன் பவலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

படைவீரர்களுக்காக அவர் முன்னரே எழுதியிருந்த வேவுக்கலை நூலை இங்கிலாந்துச் சிறுவர்கள் ஆர்வத்துடன் படித்து வருவதை நாடு திரும்பியதும் அவர் அறிந்தார். அதனைச் சிறுவர்க்கு ஏற்ற வகையில் மாற்றி எழுதுமாறு நண்பர் சிலர் தூண்டினர். பேடன் பவல் உடனே நூலை அச்சிட்டுவிடவில்லை. தாம் எழுதக் கருதியவை சிறுவரிடத்தில் செல்லுமோ செல்லாவோ என்று செய்து பார்த்து அறிய விரும்பினார். அதன் பொருட்டே பிரவுன்சித் தீவிற்குச் சென்றார்.

சிறுவர்களைத் தேர்ந்தெடுத்த முறையே அக்காலத்தில் புதுமையானது. ஏறத்தாழப் பாதிப்பேர், ஈட்டன், ஹாரோ போன்ற உயர்தரப் பள்ளிகளில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகள். ஏனையோர், பூல், போர்ண்மத் ஆகிய ஊர்களில் வாழ்ந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அந்நாளைய இங்கிலாந்தில் இவ்விரு திறத்தாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உண்பது அரிது. பாசறைக் கட்டணத்திலும் வேறுபாடு இருந்தது. செல்வர் பிள்ளைகள் ஒரு பவுன் செலுத்தினர். மற்றையோர் மூன்றரை ஷில்லிங் செலுத்தினாற் போதும் என்று விதித்தனர். அந்த வேறுபாடு படகை விட்டிறங்கியதோடு நின்றுவிட்டது. கூடாரமும் உணவும் வேலையும் அனைவர்க்கும் ஒன்றே.

சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஓநாய், காளை, அண்டங்காக்கை, வளைந்த நீள் அலகுடைய கர்லியூ என்னும் கடற்கரைப் பறவை ஆகியவற்றின் பெயர்களை அவ்வணிகள் ஏற்றன. நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று அணிக்கொரு வண்ண நாடாவைத் தோளில் முடிந்து கொண்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். தன் அணியினரின் நடத்தைக்கு அவனே பொறுப்பு. பெரியவர் ஒருவர் எந்நேரமும் அருகில் நின்று ஏவிக்கொண்டிருக்கவில்லை. இம்முறையே பாசறையின் உயிர்நாடி எனலாம். படைப்பயிற்சியில் ஒருவர் கட்டளையிட, நூறுபேர் ஒரே வகையாய்க் காலெடுத்து வைப்பர். இங்கோ ஐந்தாறு சிறுவர் கூடி ஆராய்ந்து, தாமே முடிவு செய்து, அம்முடிவின் பயனையும் தாமே நுகர்ந்தனர். அடுப்பு அணைந்தால் அவ்வணிக்கு உணவு வேகாது. கூடாரக் கயிறு தளர்ந்தால் மழை உள்ளே புகும்.

விடியற்காலையில், 'குடு' என்னும் ஆப்பிரிக்க மானின் முறுக்குண்ட நீண்ட கொம்பினை ஊதிப் பேடன் பவல் அனைவரையும் எழுப்புவார். மாட்டபிலி நாட்டுப் போரில் அவர் கைக்கு வந்த கொம்பு அது. ஆறு மணிக்கு எழுந்த சிறுவர், பாலும் ரொட்டியும் உண்டு, உடற்பயிற்சி செய்வர். பின்னர் இறைவணக்கம் நிகழும். நண்பகல் உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒருவரும் பேசாது ஓய்வு கொள்ளல் வேண்டும். இருபது சிறுவர்களை ஒரு மணி நேரம் வாய் மூடியிருக்கச் செய்தல் எத்துணை அரிய செயல் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அதனையும் அவர் நிறைவேற்றிக் காட்டினார்.

ஒவ்வொரு நாளும் ஒரு பொருள் பற்றிய பயிற்சி நடந்தது. ஒரு நாள் பாசறைக் கலை. மற்றொரு நாள் உற்றுநோக்கல். வேறொரு நாள் காட்டு விலங்குகளையும் செடிகளையும் அறிதல். பிறிதொரு நாள் உயிர்காத்தல். இவை யாவும் விளையாட்டாகவே கற்பிக்கப்பட்டன. கட்டை ஒன்றினைத் திமிங்கிலமாகக் கருதிக் கடலில் மிதக்கவிட்டு, இரண்டு படகுகளில் சென்று ஈட்டியெறிந்து இழுத்து வரும் விளையாட்டு ஒன்று உண்டு. படகு செலுத்தவும் ஒத்து உழைக்கவும் அதனாற் கற்றனர். மணலில் பதிந்த காலடியைக் கண்டு, அது நடந்தவன் காலடியா, ஓடியவன் காலடியா, சுமை தூக்கியவன் காலடியா என்று உய்த்துணரவும் பழகினர்.

இரவுப் பயிற்சியே சிறுவர்களுக்கு மிகவும் உவப்பாயிருந்தது. ஒவ்வோர் இரவும் ஓர் அணி, பாசறையை விட்டு விலகித் தீவின் வேறொரு பகுதிக்குச் செல்லும். மாவு, இறைச்சி, காய்கறி, தேயிலை ஆகியவற்றை அளந்து கொடுத்துவிடுவர். தீ மூட்டுவதும், சமைத்து உண்பதும், உறங்க இடம் அமைப்பதும், காவலாள் நிறுத்துவதும் அவர்கள் பாடு. நள்ளிரவை நெருங்கும் வேளையில் பேடன் பவல் ஓசையின்றி ஊர்ந்து வந்து காவலை மீற முயல்வார். அவரையே பிடித்துவிட்ட இரவும் உண்டு. மாபெக்கிங் நகரைக் காத்த தளபதியை இருளில் மடக்கிப் பிடித்த சிறுவனின் பெருமிதம் எத்தகையதாயிருந்திருக்கும்!

பாசறையில் பேணவேண்டிய நுட்பங்கள் பல. கூடாரம் அடிப்பதற்கு மேட்டு நிலமே ஏற்றது. பள்ளத்தில் அடித்தால் மழைநீர் தேங்கும். பட்டுப்போன கிளைகளையுடைய மரத்தடியும் ஆகாது. காற்றில் கிளை முறிந்து விழும். ஈரத்தால் கயிறு இறுகிச் சுருங்குமாதலின், இரவில் உறங்கச் செல்லுமுன் கூடாரக் கயிற்றைச் சிறிது தளர்த்திவிடல் வேண்டும். தளர்த்த மறந்தவன், நள்ளிரவில் முளைகள் பிடுங்கிக் கொள்ளக் கூடாரத் துணியின் அடியிற் கிடப்பான். அடுப்பு மூட்டுமிடத்தில் புல்லைப் பத்தையாக வெட்டியெடுத்து நிழலில் வைத்து, பாசறை கலையும் நாளில் சாம்பலை அகற்றிப் புற்பத்தையை மீண்டும் பதித்துவிடுவர். சில நாளில் புல் வேரூன்றிவிடும். தீ எரிந்த இடம் எதுவென்று தெரியாது.

பிரவுன்சிப் பாசறை 24 பவுன் கடனோடு முடிந்தது. தம் பிள்ளைகளை அங்கு அனுப்பியிருந்த ஒருவர் அத்தொகையைக் கொடுத்து உதவினார். மறு ஆண்டு, 1908-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல், 'சிறுவர்க்கான சாரணியம்' என்னும் பொருள்படும் பேடன் பவலின் நூல் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அதனை வாங்கிப் படித்த சிறுவர் எவருடைய உத்தரவிற்கும் காத்திராமல் தாமே அணிகளை அமைத்துக் கொண்டனர். 1909-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் நகரத்துப் பளிங்கு மாளிகையில் ஏறத்தாழப் பதினோராயிரம் சாரணர் கூடினர். அழைப்பின்றியே சிறுமியர் சிலரும் அங்கு வந்து, தாங்களும் சாரணரே என்று உரைத்து நின்றனர். அடுத்த ஆண்டில் சாரணியர் இயக்கம் தோன்றியது.

'சாரணர்' என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் அச்சொல் வானத்தில் இயங்கும் ஆற்றலுடைய சமண முனிவரைக் குறிக்கின்றது. ஓரிடத்தில் தங்காது இயங்குபவர் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாதலின், இக்காலத்தார் அதனை எடுத்தாண்டது பொருத்தமே.

வெளியுலகில் துணிந்து செல்வோர்க்கு இடர் நேர்தலும் உண்டு. 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள், இலண்டன் வால்வொர்த் பகுதியைச் சேர்ந்த சாரணர் குழு ஒன்று, தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்திலுள்ள ஷெப்பித் தீவிற் பாசறை அமைக்கப் படகிற் சென்றது. கரையை அணுகும் வேளையில் திடீரென்று வீசிய சூறைக்காற்று படகைக் கவிழ்த்துவிட்டது. ஒன்பது சிறுவர் மாண்டனர். அவர்களுள் எண்மர் சாரணர். ஒருவன் பயிற்சிக் கப்பல் மாணவன். அவர்களுடைய இறுதி ஊர்வலத்தைக் காண இலண்டன் தெருக்களில் மக்கள் வெள்ளம் திரண்டது. மகனைப் பாசறைக்கு அனுப்பும் பெற்றோர் எத்துணைப் பெரிய பொருளை ஒப்படைக்கின்றனர் என்பதை அன்று நாடே உணர்ந்தது.

பாசறையிற் பெற்ற பயிற்சி சிலரை உலகின் எல்லை வரையில் கொண்டு சென்றதும் உண்டு. 1921-ஆம் ஆண்டில் ஷேக்கில்டன் என்னும் புகழ்பெற்ற ஆராய்ச்சியாளர் 'குவெஸ்டு' என்ற சிறு கப்பலில் தென்துருவக் கடலுக்குப் புறப்பட்டார். தம்முடன் ஒரு சாரணனை அழைத்துச் செல்ல விரும்பினார். விண்ணப்பித்தோர் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுட் பதின்மரை நேரிற் கண்டு, ஒருவர்க்குப் பதிலாக இருவரைத் தேர்ந்தார். ஒருவர் ஆர்க்கினித் தீவினரான நார்மன் மூனி. மற்றவர் அபர்தீன் நகரத்தைச் சேர்ந்த பதினெட்டு வயது ஜேம்ஸ் மார். கடல்நோயால் பெரிதும் துன்புற்ற மூனி, வழியில் மதீராத் தீவிலேயே திரும்ப நேர்ந்தது. அது இழுக்கன்று, கடல் எல்லோரிடத்தும் ஒரே வகையாய் நடந்து கொள்வதில்லை. மார் தொடர்ந்து சென்றார். கரி அள்ளியும் கப்பல் துலக்கியும் உழைத்தார். 1922-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள், தென் ஜார்ஜியாத் தீவருகே ஷேக்கில்டன் மறைந்தார். தலைவரை இழந்த கப்பல் தன் பயணத்தைத் தொடர்ந்தது. மாரும் உடன் சென்றார். பின்னாளில் அவர் கடல்வாழ் உயிரின ஆராய்ச்சியாளராய் விளங்கி, இரண்டாம் உலகப் போரின்போது தென்துருவப் பகுதிக்குச் சென்ற பிரிட்டானியக் குழுவொன்றிற்குத் தாமே தலைமை தாங்கினார். இவ்வாறே, 1928-ஆம் ஆண்டில் பயர்டு என்பவரின் தென்துருவப் பயணத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமெரிக்கச் சாரணர் பால் சைப்பிளும், பின்னர்ப் பெயர் பெற்ற துருவ ஆராய்ச்சியாளர் ஆனார். குளிர்காற்று மனித உடலின் வெப்பத்தைக் கவரும் விரைவினை அவர் மற்றொருவருடன் கூடி அளந்து கணக்கிட்டார்.

இந்தியாவில் சாரண இயக்கம் 1909-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கியது. ஆனால் அதில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கே இடம் இருந்தது. வேவும் பாசறையும் பயின்ற இந்தியச் சிறுவர், நாளை அரசை எதிர்க்கும் வீரராவர் என்று ஆட்சியாளர் அஞ்சினர். தன் நாட்டுக் காட்டிலே கூடாரம் அடிக்கும் உரிமை இந்நாட்டுச் சிறுவனுக்கு இல்லாதிருந்தது! இந்நிலையைப் பொறாத அன்னி பெசன்டு அம்மையார், 1916-ஆம் ஆண்டில் அருண்டேல் அவர்களின் துணையோடு சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அச்சாரணர்கள் தலைப்பாகை அணிந்து, இந்தியப் பாடல்களைப் பாடினர். அலகாபாத்தில் மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921-ஆம் ஆண்டில் பேடன் பவல் இந்தியாவிற்கு வந்தார். இந்தியச் சிறுவருக்கு இடமில்லை என்னும் தடை அவ்வருகையால் நீங்கிற்று. பெசன்டு அம்மையாரின் சங்கமும் அவருடைய சங்கத்தோடு இணைந்தது. அதன் பின்னரும் பிளவுகள் நேராமலில்லை. நாடு விடுதலை பெற்றபின், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், வெவ்வேறாய் இயங்கிய சங்கங்கள் ஒன்றாகிப் பாரதச் சாரணர் சாரணியர் இயக்கம் எனப் பெயர் பெற்றன. பெண்களின் சங்கம் மறு ஆண்டில் அதனோடு சேர்ந்தது.

பிரவுன்சித் தீவில் ஒலித்த கொம்பினைப் பேடன் பவல் பல ஆண்டுகள் போற்றி வைத்திருந்தார். 1929-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஆரோ பூங்காவில் உலகச் சாரணர் மாநாடு கூடியது. பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ 50,000 பேர் வந்து கூடாரம் அடித்திருந்தனர். மழை ஓயாது பெய்தமையால் பூங்கா முழுவதும் சேறாயிற்று. சாரணர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சேற்றிலே பலகைகளை இட்டு நடந்தனர். மாநாட்டுத் தொடக்க நாளில், எழுபத்திரண்டு வயது முதியவராகிய பேடன் பவல் மேடையேறி, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இருபது சிறுவர்களை உறக்கத்தினின்று எழுப்பிய அதே கொம்பினை எடுத்து ஊதினார்.