கொடுக்கிற கைக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு

திருநின்றவூர் ரயில் நிலையத்தில் காலை மின்சார ரயிலுக்கு நிற்கும் பிள்ளைகள் பலரின் முதுகில் லேப்டாப் பை தொங்குகிறது. இந்த வட்டாரத்துக்கு லேப்டாப் புதிதில்லை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே பக்கத்திலுள்ள காக்களூரில்தான். ஆனால் வாங்கிய லேப்டாப் நாளின் பெரும்பகுதி சும்மாவே கிடக்கிறது. அந்தச் சும்மா நேரத்தை அறிவியலுக்குக் கொடுங்கள் என்று உலகெங்கும் பல ஆய்வுக் குழுக்கள் கேட்கின்றன. கல்லூரி மாணவர்கள் சிலர் ஆர்வத்தோடு கொடுக்கவும் செய்கிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் கொடுப்பவருக்கு என்ன உரிமை, என்ன ஆபத்து, பதில் வராவிட்டால் என்ன வழி என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது எப்படி நடக்கிறது?

ஒரு பெரிய கணக்கை லட்சக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். உங்கள் கணினியில் நிறுவிய மென்பொருள் ஒரு துண்டை இறக்கி, கணக்குப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். பல திட்டங்களில் ஒரே துண்டு இரண்டு பேருக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். இதற்குத் தன்னார்வக் கணினிப் பங்களிப்பு என்று பெயர்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' இதைப் பரவலாக்கியது. வேற்றுக்கிரக அறிவுயிர்களின் ரேடியோ சமிக்ஞை ஏதும் வருகிறதா என்று தேடிய திட்டம் அது. அதே பல்கலைக்கழகத்தில் உருவான 'பாயிங்க்' என்ற இலவச மென்பொருளில்தான் இன்று பல திட்டங்கள் ஓடுகின்றன. புரதங்களின் வடிவத்தை ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' 2000ல் வந்தது. காசநோய், புற்றுநோய், கொரோனா ஆய்வுகளுக்குக் கணினி நேரம் திரட்டிய 'வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்' திட்டத்தை ஐபிஎம் நிறுவனம் 2004 நவம்பரில் தொடங்கியது.

பேச்சு எங்கே அறுகிறது?

கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை வாங்கிய கமிட்டி, வரவு செலவு நோட்டீஸ் அடித்து ஒட்டாவிட்டால் ஊர் சும்மா விடுமா? கணினி நேரம் கொடுத்தவருக்கு மட்டும் அந்தக் கணக்கு பல சமயம் கிடைப்பதில்லை. சர்வர் படுத்துவிடும், ஏன் என்று அறிவிப்பு இருக்காது. 'வேலை இல்லை' என்ற ஒற்றை வரி திரையில் வரும். எப்போது வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். திட்டம் முடிந்துபோயிருக்கும், ஆய்வுக் கட்டுரை வந்ததா என்பதே கொடுத்தவருக்குத் தெரியாது.

வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் 2021 செப்டம்பரில் ஐபிஎம்மிடமிருந்து கனடாவின் டொரான்டோவில் உள்ள கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2022 தொடக்கத்தில் சர்வர்களை மாற்றுவதற்காக வேலை நிறுத்தப்பட்டது. திரும்பி வரும் தேதி தள்ளிக்கொண்டே போய், மாதக்கணக்கில் இழுத்தது. பல வருடங்களாகக் கணினியை ஓடவிட்டவர்கள், ஓடவிடுவதா, நிறுத்துவதா என்று தெரியாமல் தவித்தார்கள்.

இந்தத் திட்டங்களில் ஏமாற்று வேலை இருப்பதாக இதற்குப் பொருளில்லை. பெரும்பாலும் நாலைந்து ஆராய்ச்சியாளர்கள், குறைந்த நிதி, பழைய சர்வர் என்றுதான் வண்டி ஓடுகிறது. பதில் எழுதுவதற்கென்று தனி ஆள் கிடையாது. ஆனால் ஆள் பற்றாக்குறை மௌனத்துக்குச் சாக்காக முடியாது. நன்றாகப் பேசிக் காட்டிய திட்டங்கள் இருக்கின்றன.

2006 பிப்ரவரியில் பிபிசியும் 'கிளைமேட் பிரெடிக்ஷன்' குழுவும் சேர்ந்து, மக்களின் கணினிகளைக் கொண்டு ஒரு பருவநிலைப் பரிசோதனை நடத்தின. ஏப்ரலில் ஒரு பிழை தெரியவந்தது. காற்றில் கலக்கும் சல்பேட் துகள்களின் அளவைச் சொல்லும் கோப்பு ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அதனால் கணினி மாதிரிகள் வேண்டியதைவிட வேகமாகச் சூடேறிக்கொண்டிருந்தன. பல வாரம் ஓடிய கணக்குகளை முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. குழு அதை மறைக்கவில்லை. என்ன தவறு, எந்தக் கோப்பு, இனி என்ன செய்யவேண்டும், அதுவரை ஓடிய கணக்கு எதற்குப் பயன்படும் என்று பங்களிப்பாளர்களுக்கு விளக்கியது.

2010ல் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' என்ற இன்னொரு திட்டம் பல்சர் வகை விண்மீன் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தபோது, அது யாருடைய கணினிகளில் அகப்பட்டதோ அந்த அமெரிக்கத் தம்பதியின் பெயரையும் ஒரு ஜெர்மானியரின் பெயரையும் உலகறியச் சொன்னார்கள். செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்று வேலை அனுப்புவதை நிறுத்தியது. அந்த மாதத் தொடக்கத்திலேயே தேதியையும் காரணத்தையும் தெரிவித்திருந்தது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் பறவை ஆர்வலர்கள் பதிகிற தகவல், நாடு முழுவதும் பிறர் பதிவதோடு சேர்கிறது. சுமார் 30,000 பேர் கொடுத்த 3 கோடி பதிவுகளிலிருந்து 942 இனங்களின் நிலையைச் சொல்லும் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 2023ல் வெளியானது. தான் பார்த்த பறவை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று பார்த்தவருக்குத் தெரிகிறது. அந்தத் தெளிவுதான் மறுவருடமும் அவரைக் காலையில் எழுப்பிவிடுகிறது.

இலவசம் என்பது உங்களுக்கு இலவசமில்லை

மென்பொருள் இலவசம், மின்சாரம் இலவசமில்லை. கணக்குப் போடும்போது ஒரு மேசைக் கணினி 100 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வையுங்கள். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

நம் வீட்டு மின்கட்டணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடும். 400 யூனிட் ஓட்டும் வீட்டில் இந்த 144 சேர்ந்தால், 2024 ஜூலைக் கட்டணப்படி பில் 1,200 ரூபாய்க்கு மேல் எகிறும். வீட்டில் பில் கட்டுகிற அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லாமல் மகன் கொடுக்கும் தானம், உண்மையில் அவர்கள் கொடுக்கும் தானம்.

கோடையில் லேப்டாப் சூடேறும். பேட்டரி உப்பவும் கூடும். பாயிங்க் மென்பொருளின் அமைப்பில் பேட்டரியில் இருக்கும்போது ஓடாதே, இத்தனை சதவீதத்துக்கு மேல் பிராசசரை எடுக்காதே, இந்த நேரத்தில் மட்டும் ஓடு என்றெல்லாம் கட்டளை வைக்கலாம். நிறுவியதும் முதலில் செய்யவேண்டியது இதுதான்.

உங்கள் உரிமைகள் எவை?

முதலில் கசப்பான உண்மை. நுகர்வோர் நீதிமன்றம் இதற்கு உதவாது. 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணமில்லாமல் தரும் சேவையைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. இங்கே நீங்கள் கொடுப்பவர்; எதையும் விலைக்கு வாங்கியவர் இல்லை. திட்டம் தரும் புள்ளிகளும் பணமாகாது. நிறுவும்போது 'சம்மதம்' என்று அழுத்திய ஒப்பந்தத்தில், சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் பொதுவாக இருக்கும்.

ஆனாலும் கையில் ஆயுதமே இல்லை என்று சொல்லமுடியாது. 2023ம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. உங்கள் பெயர், மின்னஞ்சல் போன்றவற்றை எதற்காக வாங்குகிறார்கள் என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பு தரவேண்டும். கொடுத்த ஒப்புதலை, கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறலாம். குறை சொல்ல ஒரு வழி இருக்கவேண்டும். அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். இந்தியாவில் உள்ளவர்களுக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு அமைப்பையும் சட்டம் கட்டுப்படுத்தும்.

இரண்டு எச்சரிக்கை. இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிப் பணிகளுக்கு நிபந்தனையோடு விலக்கும் இருக்கிறது.

சட்டத்துக்கு வெளியே, ஐரோப்பியக் குடிமக்கள் அறிவியல் சங்கம் 2015ல் வகுத்த பத்துக் கோட்பாடுகள் இருக்கின்றன. பங்களிப்பாளருக்குத் திட்டத்திலிருந்து பதிலும் விவரமும் கிடைக்கவேண்டும் என்பது ஐந்தாவது. முடிவுகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அவர்கள் பங்கைக் குறிப்பிடவேண்டும் என்பது எட்டாவது. இதை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. ஆனால் கடிதத்தில் காட்டலாம். பல்கலைக்கழகங்கள் பெயர் கெடுமே என்று அஞ்சும்.

எங்கே மாட்டிக்கொள்வோம்?

அலுவலகக் கணினியில் ஓடவிடாதீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையின் கணினியானாலும், கல்லூரி ஆய்வகமானாலும், அம்பத்தூர் கம்பெனி கொடுத்த லேப்டாப்பானாலும் விதி ஒன்றுதான்: பொறுப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதியின்றி ஒருவர் கணினியைப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43வது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் இருந்தது என்றால் 66வது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி நிர்வாகி, கல்லூரிக் கணினிகளில் இத்தகைய மென்பொருளை நிறுவியதற்காக வழக்கில் சிக்கினார். 2002ல் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்போடும் அபராதத்தோடும்தான் தப்பித்தார்.

அடுத்தது போலிகள். 'உங்கள் கணினியை வாடகைக்கு விடுங்கள், இணைய வேகத்தைப் பகிர்ந்து மாதம் சம்பாதியுங்கள்' என்று வரும் செயலிகள் அறிவியல் திட்டங்கள் அல்ல. சில, கிரிப்டோ நாணயம் தோண்ட உங்கள் மின்சாரத்தைத் திருடும். சில, உங்கள் இணைய முகவரி வழியாக வேறு யாரோ குற்றம் செய்யக் கதவு திறக்கும். 2024 மே மாதம் அமெரிக்க அரசு முடக்கிய '911 எஸ்5' வலைப்பின்னல், இலவச விபிஎன் செயலிகள் மூலம் 1.9 கோடி இணைய முகவரிகளைப் பிடித்துவைத்திருந்தது. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் ஓடினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வாசலுக்குத்தான்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது?

சேரும் முன்பே நான்கு கேள்வி கேளுங்கள். திட்டத்தை நடத்தும் நிறுவனம் எது, பொறுப்பான ஆராய்ச்சியாளர் யார்? கடைசியாக எப்போது அறிவிப்பு வெளியிட்டார்கள்? இதுவரை வந்த ஆய்வுக் கட்டுரைகள் எவை? முடிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்குமா, கம்பெனிக்குப் போகுமா? விடை கிடைக்காத திட்டத்தில் சேரவேண்டாம்.

சேர்ந்த பிறகு மௌனம் என்றால், முதலில் திட்டத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கணக்கின் பெயர், பிரச்சினை தொடங்கிய தேதி, திரையில் வந்த வாசகம் இவற்றைக் குறிப்பிட்டால் போதும். கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால், நடத்தும் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்கும், நிதி கொடுக்கும் அமைப்புக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள்.

நம் அரசு நடத்தும் திட்டமென்றால் வழி இன்னும் நேரானது. குரல் கொடை, எழுத்துக் கொடை என்று மக்களிடம் மொழித்தரவு திரட்டும் மத்திய அரசின் 'பாஷினி' போன்ற முயற்சிகளிடம், கொடுத்த தரவு எதற்குப் பயன்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தரவேண்டும்.

விலகுவதாக இருந்தால் திடீரென்று மென்பொருளை அழிக்காதீர்கள். பாயிங்கில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' என்ற பொத்தானை அழுத்துங்கள். கையிலிருக்கும் துண்டுகள் முடிந்து அனுப்பப்பட்டதும் திட்டத்தை நீக்குங்கள். பாதியில் விட்டால், திட்டக் குழு கெடு முடியும் வரை காத்திருந்து அந்தத் துண்டை வேறொருவருக்கு அனுப்பவேண்டியிருக்கும். பிறகு உங்கள் கணக்கையும் அழிக்கச் சொல்லுங்கள்.

போலிச் செயலியில் பணமோ தரவோ போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள்.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்றார்கள் பெரியவர்கள். மின்சாரமும் நேரமும் உங்களுடையவை. கணக்குச் சொல்கிற திட்டத்துக்கு மனமாரக் கொடுங்கள். கணக்குச் சொல்லாத திட்டத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பில் வருவதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.