நகர்த்திய காயைத் திரும்பப் பெறலாமா?

"பாட்டா, கை தவறிப்போச்சு. திருப்பிக் கேட்டா அவன் தர மாட்டேங்கான்" என்று கைப்பேசியை நீட்டியபடி வந்து நின்றான் என் பேரன். வயது 11. இணையவழிச் சதுரங்கத்தில் முகம் தெரியாத ஒருவருடன் ஆடிக்கொண்டிருந்தவன், ராணியை ஒரு கட்டம் தள்ளி வைக்க நினைத்திருக்கிறான். விரல் வழுக்கி, எதிராளியின் மந்திரி குறிவைத்திருந்த கட்டத்தில் அதை விட்டுவிட்டான். நகர்த்தலைத் திரும்பப் பெற அனுமதி கோரும் பொத்தானை அழுத்தினான், மறுப்பு வந்தது. அடுத்த நொடியில் ராணியும் போனது.

"இது நியாயமா?" என்று கேட்டான். சுசீந்திரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் எழுந்த கேள்விக்கு உடனடியாகப் பதில் சொல்ல, நாற்பதாண்டு காலம் பொருளியல் படித்தும் கற்பித்தும் வந்த எனக்கு இயலவில்லை.

பலகையில் ஆடும்போது இந்தச் சிக்கல் இல்லை. உலக சதுரங்கக் கூட்டமைப்பான 'ஃபிடே'யின் விதி தெளிவானது. நகர்த்தும் எண்ணத்துடன் ஒரு காயைத் தொட்டால் அந்தக் காயைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால், விதிப்படி செல்லத்தக்க நகர்த்தலாக இருக்கும்வரை, அது அங்கேயேதான் இருக்கும். 2016-ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடந்த உலக வாகையருக்கான தகுதிப் போட்டியில் அமெரிக்காவின் நகமுரா, ஆரோனியனுக்கு எதிரான ஆட்டத்தில் ராஜாவைத் தொட்டுவிட்டு, காயைச் சரிசெய்ததாகக் கூறிப் பார்த்தார். நடுவர் ஏற்கவில்லை. ராஜாவையே நகர்த்தினார், தோற்றார். 1994-இல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் காஸ்பரோவ், 17 வயதான யூதித் போல்காருக்கு எதிராகக் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, கணநேரம் கையை எடுத்துவிட்டு, பின்னர் வேறொரு கட்டத்துக்கு மாற்றினார். கை விலகியதைப் படக்கருவி பதிவு செய்திருந்தது. ஆனால், ஆட்டத்தின்போது போல்கார் முறையிடவில்லை; காஸ்பரோவ் வென்றார். ஆண்டுகள் பல கடந்தும் அந்தக் கால் நொடி பேசப்படுகிறது.

திரையில் நிலைமை வேறு. அங்கே தொடுதல் என்ற குற்றமே கிடையாது. ஒரு காயை அழுத்திப் பார்த்துவிட்டு வேறொரு காயை நகர்த்தலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆக, இணையவழி ஆட்டம் ஏற்கெனவே பலகையைவிடத் தாராளமானது. அதற்கும் மேலாக, விட்ட காயையும் திரும்ப எடுக்கும் உரிமை வேண்டுமா என்பதே இப்போதைய கேள்வி.

பிழைகள் இருவகை. ஒன்று, சிந்தனைப் பிழை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக வாகையர் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தில், ஏறத்தாழ சமநிலையில் முடியவிருந்த வேளையில், தனது 55-ஆவது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டு சென்றார். யானைகள் வெட்டப்பட்டன, மந்திரிகளும் வெட்டப்படும் நிலை வந்தது, எஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் அவருக்கு வழியில்லை. சென்னையைச் சேர்ந்த குகேஷ் தனது 18-ஆவது வயதில் உலக வாகையர் ஆனார். காயை வைத்த சிறிது நேரத்திலேயே டிங் தன் பிழையை உணர்ந்திருப்பார். அதைத் திருப்பித் தந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தமிழ்நாடு சும்மா இருந்திருக்குமா?

மற்றொன்று, விரல் பிழை. நினைத்தது ஒரு கட்டம், விழுந்தது வேறு கட்டம். மரப்பலகையில் இது அரிது; கண்ணாடித் திரையில் அன்றாடம் நேர்வது. திரும்பப் பெறும் உரிமைக்காக வாதிடுவோரின் வலுவான வாதம் இதுதான். மனம் செய்யாத பிழைக்கு ஏன் தண்டனை என்கிறார்கள். அந்த வாதத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. இந்தப் பிழை எல்லோருக்கும் சமமாக நேர்வதில்லை. பெரிய திரையும் நல்ல சுட்டியும் உள்ளவருக்குக் கை தவறுவது குறைவு. அம்மா வேலை முடித்து வந்தபின், விரிசல் விழுந்த அவளுடைய கைப்பேசியில் அரை மணி நேரம் ஆடும் பிள்ளைக்கு அது அதிகம். இணையம் சதுரங்கத்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தது என்று பெருமைப்படுகிறோம். கொண்டுவந்த கருவியின் குறையை அந்தப் பிள்ளையின் கணக்கில் எழுதுகிறோம்.

இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆயினும், ஓர் இடர் குறுக்கே நிற்கிறது. நேர்ந்தது விரல் பிழையா, சிந்தனைப் பிழையா என்பது ஆடியவருக்கு மட்டுமே தெரியும். எதிராளிக்கும் தெரியாது, ஆட்டத்தை நடத்தும் கணினிக்கும் தெரியாது. சதுரங்கம் ஆடிய எவரும் அறிந்த உண்மை, காயை வைத்துக் கையை எடுத்த மறுகணமே பிழை பளிச்சென்று கண்ணில் படும் என்பது. விரல் பிழைக்கு மட்டும் மன்னிப்பு என்று விதி செய்தால், எல்லாச் சிந்தனைப் பிழைகளும் விரல் பிழை வேடம் பூண்டு வரிசையில் வந்து நிற்கும். தகவல் ஒருவரிடம் மட்டும் இருக்கும் சந்தைகளில் நேர்மையானவரே முதலில் நட்டமடைவார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுண்டு. இங்கும் அதுவே நடக்கும்.

அப்படியானால், முடிவை எதிராளியிடம் விட்டுவிடலாமே? பெரும்பாலான தளங்களில் இன்றுள்ள ஏற்பாடு அதுதான். கோரலாம், கொடுப்பதும் மறுப்பதும் எதிராளியின் விருப்பம். பொருளியலறிஞர் ரொனால்டு கோஸ் இதை மெச்சியிருப்பார். உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்தால், அதை வைத்திருப்பதா விட்டுக்கொடுப்பதா என்பதை உரியவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அவர் காட்டிய வழி. நகர்த்தி முடித்த கணத்தில் அந்தப் பிழையின் பயன் எதிராளியின் உடைமையாகிவிடுகிறது. அதை அவர் தானமாகத் தரலாம். 2020-இல் இணையவழிப் போட்டி ஒன்றில் இதே டிங் லிரெனின் இணைய இணைப்பு அறுந்து, அவர் ஓர் ஆட்டத்தை நேரத்தில் இழந்தார். அடுத்த ஆட்டத்தில் மாக்னஸ் கார்ல்சன் வேண்டுமென்றே ராணியைக் கொடுத்து, சில நகர்த்தல்களிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு கணக்கை நேர் செய்தார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நட்பு ஆட்டங்களுக்கு இந்த ஏற்பாடு போதும். தரப்புள்ளி கணக்கிடப்படும் ஆட்டங்களுக்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து. தரப்புள்ளி இருவரின் தனிச்சொத்து அன்று. ஆர்பத் எலோ வகுத்து, 1970-இல் ஃபிடே ஏற்றுக்கொண்ட முறையின்படி, 200 புள்ளி வேறுபாடு இருந்தால் வலுவானவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் பெறுவார் என எதிர்பார்க்கலாம். இணையத் தளங்கள் பயன்படுத்தும் கணக்கீடுகளும் இதன் வழிவந்தவையே. நாளை என் பேரனுடன் ஆடப்போகும் மூன்றாமவர், அந்த எண்ணை நம்பித்தான் ஆட வருகிறார். இருவர் தங்களுக்குள் பேசிக்கொண்டு பிழைகளைத் துடைத்தால், அந்த எண் பொய்யாகும். நட்டம் அறையில் இல்லாத மூன்றாமவருக்கு. பேரம் பேசுவோர் இருவரும் மகிழ்ச்சியாக இருப்பதாலேயே ஒப்பந்தம் நல்லதாகிவிடாது.

கோரிக்கைக்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேரக் கடிகாரம் ஓடும்போது திரையில் ஒரு வேண்டுகோள் முளைக்கிறது. மறுத்தால் கல்நெஞ்சர், கொடுத்தால் ஏமாளி. கெட்டவராகும் சங்கடத்தைத் தானே சுமக்குமாறு பிழை செய்யாதவரிடம் சொல்கிறோம். வெட்கப்படாமல் கேட்பவருக்கு லாபமும், கூச்சப்படுபவருக்கு நட்டமும் தரும் விதி நல்ல விதியாகாது. ('லிசெஸ்' தளத்தில், இத்தகைய கோரிக்கையே வேண்டாம் என்று பயனர் முன்கூட்டியே தெரிவு செய்ய முடிகிறது. பலர் இதை அறிவதில்லை.)

சரி, பிழை ஆடுபவருடையதே இல்லை என்றால்? 2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் ஃபிடே முதன்முறையாக இணையவழி ஒலிம்பியாட் நடத்தியது. ஆகஸ்ட் 30 அன்று இறுதிச் சுற்றில் இந்தியாவும் ரஷியாவும் மோதின. முதல் சுற்று 3-3 எனச் சமன். இரண்டாவது சுற்றில் உலகளாவிய இணையச் சேவைத் தடையால் நிகால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகியோரின் இணைப்பு அறுந்தது; நேரம் முடிந்து இருவரும் தோற்றதாகப் பதிவானது. இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் இரு நாடுகளையும் கூட்டு வாகையராக அறிவித்தார். ஆனந்த், பிரக்ஞானந்தா உள்ளிட்ட அணிக்குத் தங்கம் கிடைத்ததில் நானும் மகிழ்ந்தேன்.

ஆனால், அதற்கு இரண்டு நாள் முன்பு, காலிறுதியில் நம்மை எதிர்த்தாடிய ஆர்மீனியாவின் மார்ட்டிரோஸ்யனுக்கும் இணைப்பு அறுந்தது. அவருக்கு எதிரே அமர்ந்திருந்தவர் அதே நிகால் சரின். ஆர்மீனியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. அந்த அணி இரண்டாவது சுற்றை ஆடாமல் விலகியது. ஒன்று ஒருவரின் இணைப்புக் கோளாறு, மற்றது உலகளாவிய தடை என்று வேறுபடுத்தலாம், வேறுபாடு உண்மையானதே. எனினும், தோற்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த வீரருக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? எந்தக் கோளாறுக்கு என்ன தீர்வு என்பது ஆட்டத்துக்கு முன்பே எழுதப்படாவிட்டால், பின்னர் வழங்கப்படும் எந்தத் தீர்ப்பும் சலுகையாகவே பார்க்கப்படும்.

எனவே, பரிகாரம் நகர்த்தலுக்குப் பின்னால் அல்ல, முன்னால் இருக்க வேண்டும். காயை விட்டபின் 'உறுதி செய்க' என்று ஒருமுறை கேட்கும் வசதி சில தளங்களில் ஏற்கெனவே உள்ளது. பணம் அனுப்பும் செயலியில் பெயரையும் தொகையையும் காட்டி ஒப்புதல் கேட்பது போன்றது அது. அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு நொடியின் அருமை தெரியும். சிறுவர் போட்டிகளை இணையவழி நடத்துவோர், இந்த வசதியைக் கைப்பேசியில் ஆடுவோருக்கு இயல்பாகவே இயக்கி வைக்கலாம். அதற்கு ஈடாக ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடிகள் கூடுதலாகத் தரலாம். ஒரு நிமிட ஆட்டங்களுக்கு இது உதவாது என்பது எனக்குத் தெரியும். அவற்றில் விரலின் வேகமும் ஆட்டத்தின் பகுதியாகிவிட்டது. விரிசல் விழுந்த திரைக்கு அங்கே நீதி கிடைக்க வழி எனக்குப் புலப்படவில்லை.

பேரனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அமைப்புகள் பக்கத்தைத் திறந்து உறுதிப்படுத்தும் வசதியை இயக்கிக் கொடுத்தேன். "அப்ப அவன் கேட்டா நான் கொடுக்கணுமா?" என்றான். அதை நீயே முடிவு செய் என்றேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, திரும்பப் பெறும் கோரிக்கையே வேண்டாம் என்று அவன் மாற்றி வைத்திருந்தான். திண்ணையில் மரப்பலகையில் என்னுடன் ஆடும்போது மட்டும் இன்னமும் கேட்கிறான். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), சுசீந்திரம்.