தொண்டையை அடைக்கும் 'மோச்சி': ஜப்பானில் புத்தாண்டு தோறும் உஷார்

ஜப்பானில் ஜனவரி 1-ந் தேதி புத்தாண்டு. அன்றைக்கு 'மோச்சி' இல்லாத வீடு அபூர்வம். பசை அரிசியை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உரலில் போட்டு குழைய குழைய இடிப்பார்கள். (இப்போ பெரும்பாலும் மெஷின்தான்.) உள்ளே சிவப்பு பயறு பூரணம் வைத்தால் இனிப்பு. காய்கறி சூப்பில் போட்டால் 'ஓசோனி'. டோக்கியோ பக்கம் சதுர மோச்சியை சுட்டு போடுவார்கள். கியோட்டோவில் உருண்டை.

ருசி சரி, ஆனா ரப்பர் மாதிரி இழுக்கும். வயசான தாத்தா, பாட்டி அவசரமா விழுங்கினா தொண்டையில ஒட்டிக்கும். மூச்சு அடைத்து உயிரே போய்விடும். புத்தாண்டு நேரத்தில் இப்படி சாவு விழுவது அங்கு வழக்கமான சோகம்.

அதனால் டோக்கியோ தீயணைப்பு துறை ஆண்டுதோறும் எச்சரிக்கிறது: சின்ன சின்னதா வெட்டுங்க, முதல்ல டீயோ சூப்போ குடிச்சு தொண்டையை நனைங்க, நல்லா மென்னு தின்னுங்க. சிக்கிவிட்டால் உடனே 119-க்கு போன். ஆம்புலன்ஸ் வரும்வரை தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி தட்டவேண்டும்.